மச்சான் போட்டுத் தந்த லினக்ஸ்: இனி அதைப் புதுப்பிக்கிறது யார்?

2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. ஐரோப்பாவில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு ஒரு வருட நீடிப்பு இலவசமாகக் கிடைத்தது. அதுக்குப் பிறகு விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், ஏறக்குறைய 2018-க்கு முந்திய லப்டொப்புகள் பலவற்றில் அது முறைப்படி ஏறாது. திரையும் கீபோர்டும் நல்லா இருக்கிற ஒரு மெஷினைக் குப்பையில் போட ஆருக்கு மனம் வரும்?

அதனால் எங்கட ஆக்களின்ரை பல வீடுகளில் இப்ப ஒரு பழைய லப்டொப் லினக்ஸில் ஓடுது. லீவுக்கு வந்த மச்சான் ஒருத்தர் உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ போட்டுத் தந்திருப்பார். "இனிப் பயமில்லை, சும்மா பாவியுங்கோ" என்று சொல்லிவிட்டு லண்டனுக்குத் திரும்பியிருப்பார். பிள்ளை அதில் பள்ளிக்கூட வேலை செய்கிறது. அம்மம்மா யாழ்ப்பாணத்துச் செய்தி பார்க்கிறா. நீங்கள் அதே மெஷினில் வரி அறிக்கை நிரப்புகிறீர்கள், வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள்.

சில மாதம் கழித்துத் திரையின் மூலையில் ஒரு சின்ன அடையாளம் வருகிறது: புதுப்பிப்புகள் தயாராக உள்ளன. இந்த இடத்தில் வீடுகள் இரண்டாகப் பிரியும். ஒரு வீட்டில், புதுசு என்றால் நல்லது என்று வருகிற எல்லாத்துக்கும் 'ஓம்' அழுத்துவார்கள். மற்ற வீட்டில், "தொடாத, பழுதாப்போகும்" என்று வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டுமே சரியில்லை. எதை உடனே செய்ய வேணும், எதைப் பொறுத்துச் செய்ய வேணும் என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதுக்கு இஞ்சினியர் ஆகத் தேவையில்லை.

பொதி என்றால் என்ன?

விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளையும் அதனதன் தளத்துக்குப் போய் இறக்கி ஏற்றுவோம். லினக்ஸில் பெரும்பாலும் அப்படியில்லை. பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ், தமிழ் எழுத்துரு, பிரிண்டர் ஓட்டுகிற சின்ன நிரல் வரை எல்லாமே பொதிகளாகக் கட்டப்பட்டு ஒரு பெரிய களஞ்சியத்தில் இருக்கும். 2025 ஓகஸ்ட் 9-ஆம் திகதி வெளியான டெபியன் 13-இல் மட்டும் 69,000-க்கு மேற்பட்ட பொதிகள் உண்டு. டெபியனை அடிப்படையாக வைத்து உபுண்டு செய்யப்படுகிறது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து லினக்ஸ் மின்ட் செய்யப்படுகிறது. ஆக, உங்கள் வீட்டு மெஷினில் எது ஏறியிருந்தாலும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒவ்வொரு பொதியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். என் பெயர் இது, என் பதிப்பு இலக்கம் இது, நான் வேலை செய்ய இன்ன பொதி இன்ன இலக்கத்துக்கு மேல் இருக்க வேணும், இன்ன பொதியோடு எனக்கு ஒத்துவராது. இதுதான் அந்தச் சீட்டு. படம் காட்டுகிற ஒரு நூலகப் பொதியைப் பத்து மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும். அந்த ஒன்றைத் திருத்தினால் பத்தும் திருந்தும். அந்த ஒன்று குழம்பினால் பத்தும் குழம்பும்.

பரிஸில் போட்ட கணக்கு

இந்தச் சீட்டுகளை ஒன்றுக்கொன்று பொருத்துவது எவ்வளவு சிக்கல் என்பதை ஆழமாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று பரிஸ். அன்றைய பரிஸ் 7 பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபெர்த்தோ டி கொஸ்மோவும் சக ஆய்வாளர்களும் 'இடோஸ்' என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தில் இதைக் கையில் எடுத்தார்கள். ஒரு பொதியை முரண்பாடில்லாமல் ஏற்ற முடியுமா என்ற கேள்வி, கணினி அறிவியலில் மிகக் கடினமான வகைக் கணக்குகளில் சேரும் என்று 2006-இல் காட்டினார்கள். சுடோகு பெரிதாகப் பெரிதாக எப்படிக் கடினமாகுமோ, அதே வகைக் கணக்கு இது. அதைத் தொடர்ந்து 2008 முதல் 2011 வரை 'மன்கூசி' என்ற திட்டம், ஒரு லினக்ஸ் மெஷினைப் புதுப்பிக்கும்போது எதை ஏற்றுவது, எதைக் கழற்றுவது என்ற தெரிவை எப்படி நல்லதாகச் செய்யலாம் என்று ஆராய்ந்தது. அதே ஆய்வுக் குழுவில் இருந்த ஸ்டெபானோ சாக்கிரோலி 2010 முதல் 2013 வரை டெபியன் திட்டத்தின் தலைவராகவும் இருந்தார். அந்தக் குழு எழுதிய கருவிகள் டெபியனின் பொதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சோதிக்கப் பயன்பட்டு வருகின்றன.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. புதுப்பிக்கும்போது மெஷின் "இந்தப் பொதிகள் நீக்கப்படும்" என்று ஒரு பட்டியல் காட்டினால், அது அந்தச் சுடோகுவுக்குக் கண்டுபிடித்த விடை. விடை கணக்குப்படி சரியாக இருக்கலாம், ஆனால் உங்களுக்குச் சரியில்லாமல் இருக்கலாம். நீங்கள் தினமும் பாவிக்கிற மென்பொருளோ முழுத் திரைச்சூழலோ அந்தப் பட்டியலில் இருந்தால், 'ஓம்' அழுத்தாமல் நிறுத்துங்கோ. வாசிக்காமல் 'ஓம்' அழுத்துகிற பழக்கம்தான் பல வீட்டு மெஷின்களைப் படுக்க வைக்கிறது.

இலக்கம் சொல்லாத கதை

பெரிய இலக்கம் என்றால் பாதுகாப்பானது, சின்ன இலக்கம் என்றால் ஆபத்தானது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இரண்டு உண்மைச் சம்பவங்கள் இந்த நினைப்பைத் தலைகீழாக்கும்.

முதலாவது, 2014 ஏப்ரல் 7. ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரிய ஓட்டை வெளியே தெரிய வந்தது. சர்வரின் நினைவகத்தில் இருக்கும் பாஸ்வேர்ட் போன்ற இரகசியங்களை வெளியில் இருந்து கறக்க அது வழிவிட்டது. அந்த நூலகத்தை எழுதுபவர்கள் 1.0.1 'ஜி' என்ற புதிய பதிப்பில் அதை அடைத்தார்கள். அப்போதைய டெபியன் 7 வைத்திருந்தது 1.0.1 'இ'. டெபியன்காரர் 'ஜி'க்குத் தாவவில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்துத் தங்கள் 'இ' பதிப்பில் தைத்துவிட்டு, இலக்கத்தின் கடைசியில் ஒரு சின்ன வாலை மட்டும் மாற்றினார்கள். இலக்கத்தின் தலையை மட்டும் பார்த்தவருக்கு அது ஓட்டை உள்ள பழைய பதிப்பு. வாலையும் பார்த்தவருக்கு அது அடைக்கப்பட்டது.

நிலையான லினக்ஸ் வெளியீடுகள் இயங்குவது இப்படித்தான். பழைய சேலையைக் கிழிந்த இடத்தில் மட்டும் தைத்துத் தருவார்கள். அதனால் மகன் வந்து "எங்கட லிப்ரே ஒபிஸ் பழசு, கூட்டாளியின்ரை புதுசு" என்று சொன்னால் பதற வேண்டாம். அந்தப் பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தம் இன்னும் வருகிறதா என்பதைப் பாருங்கோ.

இரண்டாவது, 2024 மார்ச் 29. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்ற சின்னக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு புதிய பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக்கதவு வைத்திருப்பதை அன்ட்ரேஸ் பிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் வெளிப்படுத்தினார். தூரத்தில் இருந்து ஒரு மெஷினுக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூட எடுப்பதைக் கண்டு, ஏன் என்று தோண்டிப் பார்த்ததில் பிடிபட்டது. கதவை வைத்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் சில வருடங்களாகவே அந்தத் திட்டத்துக்கு உதவி செய்து நம்பிக்கை பெற்றவர்.

இதில் மாட்டிக்கொண்டவை புதுசை முதலில் எடுத்த பதிப்புகள்: டெபியனின் சோதனை வெளியீடுகள், பெடோராவின் அடுத்த வெளியீட்டுக்கான முன்னோட்டம் போன்றவை. டெபியனின் நிலையான வெளியீடு பழைய எக்ஸ்இசட் வைத்திருந்ததால் தப்பியது. உபுண்டு தன் 24.04-இன் முன்னோட்டப் பதிப்பை ஒரு கிழமை தள்ளி வைத்து, பொதிகளைத் திரும்பக் கட்டியது.

முதல் சம்பவத்தில் திருத்தத்தைப் பிந்தி எடுத்தவர் ஆபத்தில் இருந்தார். இரண்டாவதில் புதுப் பதிப்பை முந்தி எடுத்தவர் ஆபத்தில் இருந்தார். வீட்டு மெஷினுக்கு இதில் இருந்து கிடைக்கிற விதி சுருக்கமானது: பாதுகாப்புத் திருத்தம் வந்தால் உடனே, புதிய பதிப்பு வந்தால் ஆறுதலாக.

அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை. நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிற பதிப்புக்குள் வருகிற திருத்தங்களை இங்கே அப்டேட் என்று சொல்கிறேன். இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே ஏறும்படி வழக்கமாக அமைந்திருக்கும். மின்டில் அப்டேட் மேனேஜரின் அமைப்புகளுக்குள் போய், தானியங்கியாக ஏற்றும் வசதியை நீங்களே இயக்கிவிடலாம். இயக்கிவிட்டால் கிழமைக்கு ஒருக்கா மெஷினை அணைத்துத் திறப்பது மட்டும்தான் உங்கள் வேலை. கர்னல் மாதிரியான சில திருத்தங்கள் திரும்பத் திறந்தால்தான் வேலை செய்யும்.

அப்கிரேட் என்பது ஒரு பெரிய பதிப்பில் இருந்து அடுத்த பெரிய பதிப்புக்கு வீடு மாறுவது. உபுண்டுவின் இலக்கத்தை வாசிப்பது சுகம்: 24.04 என்றால் 2024-ஆம் ஆண்டு நான்காம் மாதம். இரண்டு வருடத்துக்கு ஒருக்கா, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவதற்கு 'எல்டிஎஸ்' என்று பெயர். அதுக்கு ஐந்து வருட ஆதரவு உண்டு. இடையில் வருகிற மற்றப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம் மட்டுமே. வீட்டுக்கு எல்டிஎஸ் தவிர வேறு எதையும் போடாதீங்கோ. ஒன்பது மாதத்துக்கு ஒருக்கா வீடு மாற ஆருக்கு நேரம் இருக்கு?

பிரான்ஸின் தேசிய ஜொந்தார்மெரி இதுக்கு நல்ல உதாரணம். 2005-இல் முதலில் ஓப்பன் ஒபிஸுக்கு மாறினார்கள், அடுத்த வருடம் பயர்பொக்ஸுக்கு, 2008-இல் உபுண்டுவுக்கு. முதலில் தினமும் பாவிக்கிற மென்பொருள், கடைசியில்தான் அடித்தளம். இன்று அவர்களுடைய 'ஜெந்புண்டு' சுமார் ஒரு லட்சம் மெஷின்களில் ஓடுகிறது. அவ்வளவு மெஷின்களையும் அவர்கள் எல்டிஎஸ் பதிப்புகள் வழியாகவே நகர்த்தி வந்திருக்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று அமைப்புகளில் 'பற்றி' என்ற பக்கத்தில் பார்க்கலாம். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 22.04-க்கு 2027 வரை, 24.04-க்கு 2029 வரை. மின்ட் 21 என்றால் 2027, மின்ட் 22 என்றால் 2029. டெபியனில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முதல் மூன்று வருடம் முழு ஆதரவு, பிறகு நீடித்த ஆதரவோடு சேர்த்து ஐந்து. உடனே மாற வசதியில்லை என்றால், உபுண்டு புரோ என்ற நீடித்த ஆதரவு தனிப்பட்ட பாவனைக்கு ஐந்து மெஷின்கள் வரை இலவசம்.

ஆதரவு முடிந்த நாளில் மெஷின் நிற்காது, சத்தமும் போடாது. எல்லாம் முன்பு மாதிரியே ஓடும். திருத்தங்கள் மட்டும் வராது. வங்கிக் கணக்கு திறக்கிற மெஷினில் இந்த அமைதிதான் பயப்பட வேண்டிய விஷயம். அதனால் அந்த முடிவுத் திகதியைப் பாஸ்போர்ட் முடிகிற திகதி மாதிரி வீட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கோ.

எப்போது மாறுவது?

புதிய எல்டிஎஸ் ஏப்ரலில் வந்தாலும், பழைய எல்டிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு உபுண்டு அதை உடனே நீட்டாது. கோடையில் '.1' என்ற முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே நீட்டும். அதையும் கொஞ்சம் பொறுத்து எடுப்பது நல்லது. 2024 ஓகஸ்ட் கடைசியில் 24.04.1 வந்த கையோடு, 22.04-இல் இருந்து மாறும் வழியைச் சிறிது காலம் மூடி வைத்தார்கள். பொதிகளைப் பொருத்துகிற கணக்கில் ஒரு வழு கண்டுபிடிக்கப்பட்டதுதான் காரணம். பரிஸ் ஆய்வாளர்கள் கடினம் என்று காட்டிய அதே கணக்கு, உபுண்டுகாரரையே ஒருக்கா நிறுத்தி வைத்தது.

எங்கட வீட்டுக் கலண்டருக்கும் இது ஒத்துவரும். ஜனவரியில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பார்க்கூர்சூப்பில் விருப்பங்களைப் பதிந்து உறுதிப்படுத்துகிற காலம். ஜூன் மாதம் பக் பரீட்சை. அந்த மாதங்களில் பிள்ளையின்ரை லப்டொப்பில் அப்டேட் மட்டும், அப்கிரேட் வேண்டாம். ஓகஸ்ட் கடைசியில் லாச்சப்பல் மாணிக்க விநாயகர் தேர் முடிந்து, பள்ளிக்கூடம் தொடங்கிக் கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு, ஒரு சனிக்கிழமையை இதுக்கென்று ஒதுக்கலாம். ஒக்டோபர் கடைசியில் வருகிற துசான் லீவு இன்னும் வசதி.

அந்தச் சனிக்கிழமையின் வேலை ஒழுங்கு இது:

முதலில் படங்கள், பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கோ. மின்டோடு வருகிற டைம்ஷிப்ட் இயங்குதளத்தின் பழைய நிலையைத்தான் காத்துத் தரும். வழக்கமான அமைப்பில் அது உங்கள் படங்களைப் பிரதி எடுக்காது. இரண்டும் தனித்தனி வேலை.

இரண்டாவது, இப்ப இருக்கிற பதிப்பின் அப்டேட் எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, மெஷினை ஒருக்கா அணைத்துத் திறவுங்கோ.

மூன்றாவது, மச்சான் வெளியில் இருந்து சேர்த்த களஞ்சியங்கள் இருக்கிறதா என்று மென்பொருள் மூலங்களின் பட்டியலில் பாருங்கோ. ஏதோ ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வேணும் என்று அவர் இணைத்திருக்கலாம். அந்தப் பொதிகளின் சீட்டுகள் புதிய பதிப்போடு பொருந்தும் என்று ஒருவரும் உறுதி தரவில்லை. மாறுமுன் அவற்றை நிறுத்திவிடுங்கோ.

நான்காவது, சில ஜிகாபைட் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கோ. நடுவில் மூடியைச் சாத்த வேண்டாம்.

ஐந்தாவது, முடிந்ததும் வைஃபை, சத்தம், பிரிண்டர், கமெரா, தமிழ் தட்டச்சு எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கோ. திரை வராவிட்டால், மெஷின் திறக்கிற நேரத்தில் வருகிற பட்டியலில் முந்திய கர்னலைத் தெரிவு செய்யலாம். பெரும்பாலான மெஷின்களில் பழையது ஒன்று இருக்கும்.

டெபியன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. ஒரு வெளியீட்டைத் தாண்டிப் பாய முடியாது. 11-இல் இருந்து 13-க்குப் போக 12 வழியாகத்தான் போக வேணும். அதோடு டெபியன் 13-இல் 32-பிட் மெஷின்களுக்கான நிறுவியும் கர்னலும் இல்லை. மிகப் பழைய லப்டொப் என்றால், தொடங்க முதல் புரொசசர் 64-பிட் தானா என்று உறுதிப்படுத்துங்கோ.

'எனக்குப் புதுசுதான் வேணும்' என்கிற பிள்ளை

லிசேயில் இரண்டாம் வகுப்பு தொடங்கினதும் பைத்தான் வரும். 'என்எஸ்ஐ' பாடம் எடுத்தால் இன்னும் கூட. ஒருநாள் பிள்ளை 'பிப்' என்ற கருவியால் ஒரு நூலகத்தை ஏற்றப் பார்க்கும். இந்தச் சூழல் வெளியில் இருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி மெஷின் மறுத்துவிடும். டெபியன் 12, உபுண்டு 24.04 போன்ற பதிப்புகளில் இது வேண்டுமென்றே வைத்த வேலி. இயங்குதளத்தின் சில கருவிகளே அந்தப் பைத்தானில்தான் ஓடுகின்றன. பிள்ளை அதில் கை வைத்தால் வீட்டின் அத்திவாரத்தில் துளை போடுகிற மாதிரி.

வேலியை உடைக்கிற கட்டளையும் இணையத்தில் கிடைக்கும். அதைப் பாவிக்க விடாதீங்கோ. ஒவ்வொரு வேலைக்கும் 'வென்வ்' என்ற தனி அறை ஒன்றைப் பைத்தானே கட்டித் தரும். அதுக்குள் பிள்ளை விரும்பிய பதிப்பு நூலகங்களை ஏற்றலாம், பிழைத்தால் அந்த அறையை மட்டும் அழிக்கலாம். படம் வரைகிற, வீடியோ வெட்டுகிற மென்பொருள் புதுசு வேணும் என்றால் பிளட்பக் வழியாக எடுக்கலாம். அது தனக்குத் தேவையானதைத் தன்னோடு கட்டிக்கொண்டு வரும், அடித்தளப் பொதிகளை மாற்றாது. அடித்தளம் பழசாகவும் உறுதியாகவும் இருக்கட்டும், மேலே பாவிக்கிறது புதுசாக இருக்கட்டும்.

உதவிக்கு ஆர்?

தனியாகச் செய்யப் பயம் என்றால் லாச்சப்பலில் இருந்து தூரம் போகத் தேவையில்லை. மெட்ரோ 2-இல் ஸ்டாலின்கிராட் வரை ஒரு தரிப்பு, அங்கிருந்து 7-இல் போர்த் த லா வில்லெத். அங்கே அறிவியல் நகரத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில் சுதந்திர மென்பொருள் தன்னார்வலர்கள் கூடி, மக்கள் கொண்டுவருகிற லப்டொப்புகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்து உதவி வந்திருக்கிறார்கள். பரினுக்ஸ் என்ற சங்கம் அதில் ஒன்று. போகமுன் திகதியையும் இடத்தையும் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கோ. பிரதி எடுத்த டிஸ்க்கையும் சார்ஜரையும் மறவாதீங்கோ.

அதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைக்கு இந்த மெஷினின் பொறுப்பைக் கொடுங்கோ. நிர்வாகப் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கட்டும். நீக்கப்படும் பொதிகளின் பட்டியலைப் பிள்ளை வாசித்து, எது ஏன் போகிறது என்று உங்களுக்கு விளங்கப்படுத்தட்டும். விளங்கினால் நீங்கள் பாஸ்வேர்ட் அடியுங்கோ, விளங்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை வரை விடுங்கோ. லண்டனில் இருக்கிற மச்சானுக்கு இரவு பதினொரு மணிக்குக் கோல் எடுக்கிற தேவை அதோடு குறையும்.